பன்னாட்டு ஆள்களப் பெயர் விதிகள்

பன்னாட்டு ஆள்களப் பெயர் என்பது ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எழுத்துகளைக் கொண்டு அமையும் இணைய முகவரிப் பெயர் ஆகும். தமிழ், அரபு, சீனம், கிரேக்கம் போன்ற மொழிகளின் எழுத்துகளும், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிகளில் வழங்கும் சிறப்புக் குறியிட்ட இலத்தீன் எழுத்துகளும் இதில் அடங்கும். எந்த எழுத்து இத்தகைய பெயரில் இடம்பெறலாம், எது இடம்பெறக் கூடாது, எது குறிப்பிட்ட சூழலில் மட்டும் இடம்பெறலாம் என்பதை வரையறுப்பவையே பன்னாட்டு ஆள்களப் பெயர் விதிகள்.

இவை ஒரே இடத்தில் எழுதப்பட்ட ஒரே சட்டம் அல்ல. இணைய நெறிமுறை ஒரு எல்லையை வகுக்கிறது. பெயர்களைப் பதிவுசெய்யும் பதிவகம் அதற்குள் தன் எல்லையை வகுக்கிறது. இறுதியில் பயனரின் உலாவி, பெயரை எந்த வடிவில் காட்டுவது என்பதைத் தானே முடிவுசெய்கிறது. ஒரு தமிழ்ப் பெயர் திரையில் தமிழாகவே தோன்ற வேண்டுமானால் இம்மூன்றையும் கடந்து வரவேண்டும்.

பின்னணி

இணையத்தின் தொடக்க காலத்தில் கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் பட்டியலிடப்பட்டிருந்தன. கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது அக்கோப்பைப் பராமரிப்பது இயலாததாயிற்று. 1983 இல் பால் மொக்கபெட்ரிசு ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். இன்றுவரை அடிப்படையாக விளங்கும் அதன் வரையறை 1987 இல் ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய ஆவணங்களாக வெளிவந்தது.

ஆள்களப் பெயரில் முற்றுப்புள்ளிகளால் பிரிக்கப்படும் ஒவ்வொரு பகுதியும் சிட்டை எனப்படும். ஒரு சிட்டை 63 பைட்டுகளுக்கு மேற்படக் கூடாது. கணினிப் பெயர்களில் ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள், சிறுகோடு ஆகியவை மட்டுமே வழங்கின. சிறுகோடு முதலிலோ இறுதியிலோ வரலாகாது. உண்மையில், ஆள்களப் பெயர் முறைமையின் உள்ளமைப்பு எந்த பைட்டையும் சுமக்கக் கூடியதே. ஆனால் அதைச் சுற்றி எழுதப்பட்ட மின்னஞ்சல் மென்பொருள்களும் பிற நிரல்களும் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே எதிர்பார்த்தன. உலகெங்கும் உள்ள வழங்கிகளை ஒரே நாளில் மாற்றுவது நடவாத செயல். ஆகவே பின்னர் வந்த தீர்வுகள் அனைத்தும், பழைய முறைமையைத் தொடாமல் அதன்மேல் புதிய எழுத்துகளை எவ்வாறு ஏற்றுவது என்ற கேள்வியிலிருந்தே பிறந்தன.

1996 இல் மார்ட்டின் டூர்ஸ்ட் இதற்கான முதல் முன்மொழிவுகளுள் ஒன்றை வெளியிட்டார். 1998 இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழு இதை நடைமுறையில் இயங்கச் செய்து காட்டியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியுடன் இணைந்து தமிழ் இணையத்தின் தொடக்க முயற்சிகளில் ஈடுபட்டவரும் இந்த டான் டின் வீயே. ஆங்கிலம் அறியாதவர் இணைய முகவரியைத் தட்டச்சு செய்ய முடியாத சிக்கல் நான்கு ஆட்சிமொழிகள் வழங்கும் ஒரு நகரத்தில் முதலில் தீர்வு கண்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

2003 ஆம் ஆண்டு விதிகள்

இணையப் பொறியியல் செயற்பணிக் குழு 2003 மார்ச்சில் ஆர்எஃப்சி 3490, 3491, 3492 ஆகியவற்றை வெளியிட்டது. இத்தொகுதி இன்று "2003 விதிகள்" எனச் சுருக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. இதன் அடிப்படைக் கருத்து எளிமையானது: மொழிமாற்றம் போன்ற வேலை முழுவதும் பயனரின் கணினியிலேயே நடக்கும், வழங்கிகள் எதையும் அறிய வேண்டியதில்லை.

பயனர் ஒரு தமிழ்ப் பெயரைத் தந்ததும் உலாவி முதலில் அதைச் சீர்செய்கிறது. பின்னர் ஆடம் காஸ்டெல்லோ வடிவமைத்த பியூனிகோடு என்னும் குறியேற்றத்தின் மூலம் அதன் ஒருங்குறிக் குறியிடங்களை ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் மட்டுமே கொண்ட தொடராக மாற்றுகிறது. இத்தொடர் ஒரு பன்னாட்டுப் பெயர் என்பதை அறிவிக்க அதன் முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறுகோடுகள் என்ற நான்கு குறிகள் சேர்க்கப்படுகின்றன. வழங்கிக்குச் செல்வது இந்த வடிவமே.

எடுத்துக்காட்டாக, இந்தியாவின் தமிழ் உயர்நிலை ஆள்களமான ".இந்தியா" படிப்பவர் கண்ணுக்கு இ, ந், தி, யா என நான்கு எழுத்துகள். ஒருங்குறியில் இது ஏழு குறியிடங்கள். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. பியூனிகோடு வடிவில் இது எக்ஸ், என், இரு சிறுகோடுகள், அடுத்து எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, இ, இ, 0, எச் என 17 குறிகளாக நீள்கிறது. 63 பைட்டு வரம்பு இந்த நீண்ட வடிவத்திற்கே பொருந்தும் என்பதால், தமிழில் பதிவுசெய்யக்கூடிய பெயரின் நீளம் ஆங்கிலப் பெயருக்கு உள்ள அளவைவிடக் குறைவாகவே அமைகிறது.

முன்னொட்டைத் தேர்ந்தெடுத்த முறையும் சுவையானது. எந்த இரண்டு எழுத்துகள் தெரிவாகும் என்பது முன்கூட்டியே வெளியில் தெரிந்தால், அம்முன்னொட்டுடன் கூடிய பெயர்களை வணிகர்கள் வாங்கிக் குவித்துவிடக்கூடும். எனவே 2003 பிப்ரவரியில் பங்குச் சந்தை வணிக அளவுகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு குலுக்கல் மூலம் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. எவரும் பின்னர் கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய குலுக்கல் அது. அன்று முதல், மூன்றாம் நான்காம் இடங்களில் சிறுகோடுகளைக் கொண்ட சாதாரணப் பெயர்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை.

சீர்செய்யும் படிநிலையில்தான் எழுத்துகள் பற்றிய முடிவுகள் மறைந்திருந்தன. பெரிய எழுத்துகள் சிறிய எழுத்துகளாக்கப்பட்டன. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியேற்ற வடிவங்கள் ஒன்றாக்கப்பட்டன. தமிழில் "கொ" என்பதைக் க என்னும் எழுத்துடன் ஒகரக் குறி சேர்த்தும் உள்ளிடலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சீர்செய்தலுக்குப் பின் கணினிக்கும் இரண்டும் ஒன்றே. இது தமிழுக்குப் பெரும் நன்மை.

ஆனால் 2003 விதிகளின் போக்கு தாராளமானது. வெளிப்படையாக விலக்கப்படாத எதுவும் அனுமதிக்கப்பட்டது. இதயக் குறி, இசைக் குறி போன்றவற்றைக்கூடப் பெயராகப் பதிவுசெய்ய முடிந்தது. மறுபுறம், தேவையான சில எழுத்துகள் சத்தமின்றி அழிக்கப்பட்டன. ஜெர்மன் மொழியின் எஸ்ட்செட் என்னும் எழுத்து இரட்டை எஸ் ஆக மாற்றப்பட்டது. கிரேக்கத்தில் சொல்லின் இறுதியில் மட்டும் வேறு வடிவில் எழுதப்படும் சிக்மா, சாதாரணச் சிக்மாவாகியது. இவை எழுத்து வழுக்களாகத் தோன்றினாலும், தம் குடும்பப் பெயரை எஸ்ட்செட்டுடன் எழுதுவோருக்கு இது சிறிய செய்தி அன்று. விதிகள் முழுவதும் ஒருங்குறியின் 3.2 பதிப்புடன் பிணைக்கப்பட்டிருந்ததால், அதன்பின் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட எழுத்துகளுக்கு முறையான இடமும் இல்லாதிருந்தது.

2008 ஆம் ஆண்டு விதிகள்

இக்குறைகளைக் களைய எழுதப்பட்ட திருத்தம் "2008 விதிகள்" என அழைக்கப்படுகிறது. பெயரில் 2008 என்றிருப்பினும் ஆர்எஃப்சி 5890 முதல் 5894 வரையிலான இதன் ஆவணங்கள் 2010 ஆகத்தில்தான் வெளிவந்தன.

இதில் அணுகுமுறை தலைகீழாகியது. வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டவை தவிர மற்றவை அனைத்தும் விலக்கப்பட்டவை. ஒருங்குறியின் ஒவ்வொரு குறியிடமும், அதற்கு ஒருங்குறி தரும் பண்புகளைக் கொண்டு, ஏற்கத்தக்கது, சூழலைப் பொறுத்து ஏற்கத்தக்கது, விலக்கப்பட்டது, இன்னும் ஒதுக்கப்படாதது என வகைப்படுத்தப்படுகிறது. பண்புகளிலிருந்து கணக்கிடப்படுவதால் ஒருங்குறி வளரும்போது விதியும் உடன் வளர்கிறது.

தமிழ் எண்களைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ௧, ௨, ௩ முதலியவை ஒருங்குறியில் இலக்கங்கள் என்னும் பண்பைப் பெற்றவை. ஆகவே நெறிமுறை அவற்றை ஏற்கிறது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றைக் குறிக்கும் ௰, ௱, ௲ ஆகியவை பதின்ம இலக்கங்கள் அல்ல; வேறு வகை எண்குறிகள். ஆகவே அவை விலக்கப்பட்டவை. நாள், மாதம், வருடம் முதலியவற்றைக் குறிக்கும் பழைய தமிழ்க் குறியீடுகளும் குறியீடுகள் என்பதாலேயே விலக்கப்பட்டுள்ளன. இங்கு தமிழறிஞர் எவரும் கூடி முடிவெடுக்கவில்லை. ஒருங்குறி அட்டவணையில் உள்ள ஒரு பண்பே முடிவெடுத்தது.

சூழலைப் பொறுத்தவை என்னும் வகை 2008 விதிகளின் சிறந்த பகுதி எனலாம். கத்தலான் மொழியில் இரண்டு எல் எழுத்துகளுக்கு நடுவே ஒரு நடுப்புள்ளி இடப்படுவதுண்டு. அப்புள்ளி அவ்விரு எழுத்துகளுக்கு இடையில் வந்தால் மட்டும் ஏற்கப்படும், வேறெங்கும் ஏற்கப்படாது. அரபு இலக்கங்களும் பாரசீகம், உருது ஆகியவற்றில் வழங்கும் இலக்கங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலத் தோன்றுபவை என்பதால் இரு வகைகளும் ஒரே சிட்டையில் கலக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளும் இவ்வகையில் சேர்ந்தன. அகலமற்ற இணைப்பி, அகலமற்ற பிரிப்பி என அவற்றை அழைக்கலாம். அவற்றுக்கெனத் திரையில் உருவம் இல்லை; அருகிலுள்ள எழுத்துகள் சேர்வதையோ பிரிவதையோ மட்டும் அவை கட்டுப்படுத்துகின்றன. 2003 விதிகள் இவற்றை நீக்கிவிட்டன. பாரசீகத்தில் சொல்லின் பகுதிகளைச் சரியாகப் பிரித்தெழுத அகலமற்ற பிரிப்பி தேவை. சிங்களத்தில் நாட்டின் பெயரிலுள்ள "ஸ்ரீ" என்பதைக் கூட்டெழுத்தாக எழுத அகலமற்ற இணைப்பி தேவை. அதை நீக்கினால் அவ்வெழுத்து உடைந்து தோன்றும். 2008 விதிகள் இந்திய, இலங்கை எழுத்துமுறைகளில் மெய்ப்புள்ளிக்கு நிகரான குறியை அடுத்து இவை வரலாம் என அனுமதித்தன. பாரசீகத்திற்கு எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் இயல்பைக் கொண்டு தனி விதி வகுக்கப்பட்டது.

இதன் விளைவு தமிழிலும் உண்டு. க், ஷ ஆகியவை அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு அவற்றை "க்ஷ" என்னும் கூட்டெழுத்தாக்கும். இடையில் அகலமற்ற பிரிப்பியை இட்டால் அவை தனித்தனியே நிற்கும். நெறிமுறையைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

பழைய விதியும் புதிய விதியும் ஒரே காலத்தில் புழங்கியதால் ஒரு வினோதமான நிலை ஏற்பட்டது. எஸ்ட்செட் எழுத்துள்ள ஜெர்மன் முகவரியைப் பழைய விதியைப் பின்பற்றும் உலாவி இரட்டை எஸ் உள்ள தளத்திற்கும், புதிய விதியைப் பின்பற்றும் உலாவி எஸ்ட்செட் உள்ள தளத்திற்கும் கொண்டு சென்றன. இரு தளங்களும் இருவேறு உரிமையாளர்களுடையதாக இருக்கலாம். ஜெர்மனியின் பதிவகம் 2010 நவம்பரில் எஸ்ட்செட் பெயர்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது. குரோம் உலாவி 2023 இல்தான் இதில் புதிய விதிக்கு மாறியது. விதியை எழுதுவதைவிட அதை எல்லா மென்பொருள்களிலும் ஏற்றுவதற்கே அதிகக் காலம் பிடிக்கிறது.

உணர்ச்சிக் குறிகளைப் புதிய விதிகள் ஏற்பதில்லை. எனினும் சில நாட்டுப் பதிவகங்கள் அவற்றைத் தொடர்ந்து விற்றன. 2017 இல் ஐகானின் பாதுகாப்பு, நிலைப்புத்தன்மை ஆலோசனைக் குழு அவற்றுக்கு எதிராக அறிவுறுத்தியது.

ஒத்த தோற்றமுடைய எழுத்துகள்

விதிகளை இவ்வளவு இறுக்கியதற்கு முதன்மைக் காரணம் மோசடி. வெவ்வேறு எழுத்துமுறைகளில் ஒரே தோற்றமுடைய எழுத்துகள் பல உள்ளன. இலத்தீன் "ஏ" எழுத்தின் சிறிய வடிவமும் உருசிய மொழியை எழுதப் பயன்படும் சிரில்லிக் எழுத்துமுறையின் "அ" எழுத்தும் கண்ணால் பிரித்தறிய முடியாதவை. கணினிக்கோ இரண்டும் தொடர்பற்றவை. எவ்ஜெனி கப்ரிலோவிச், அலெக்ஸ் கோண்ட்மாக்கர் ஆகியோர் இதைச் சுட்டிக்காட்டிய கட்டுரை 2002 இல் வெளியானது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயரைச் சில சிரில்லிக் எழுத்துகளுடன் அவர்கள் பதிவுசெய்தே காட்டினர்.

2005 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் இதே உத்தி பேபால் பெயரில் செய்து காட்டப்பட்டபோதுதான் உலாவி உருவாக்குநர்கள் விழித்துக்கொண்டனர். பன்னாட்டுப் பெயர்களை ஆதரித்த பயர்பாக்ஸ், ஓப்பரா போன்ற உலாவிகளே இதில் சிக்கின. அன்று பெரும்பான்மையோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இவ்வசதியை ஆதரிக்கவே இல்லை என்பதால் தப்பியது! மோசில்லா, நம்பகமான பதிவுக் கொள்கை உடைய உயர்நிலை ஆள்களங்களின் பட்டியல் ஒன்றைப் பேணி, அவற்றின்கீழ் உள்ள பெயர்களை மட்டும் இயல்பான எழுத்தில் காட்டத் தொடங்கியது. மற்றவை பியூனிகோடு வடிவில் காட்டப்பட்டன. பின்னாளில் உலாவிகள் பெயரின் எழுத்துகளையே ஆராயும் முறைக்கு மாறின. ஒரே சிட்டையில் இலத்தீனும் சிரில்லிக்கும் கலந்திருந்தால் பியூனிகோடு காட்டப்படும்.

இதிலும் ஓட்டை இருந்தது. 2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுக்கவே சிரில்லிக் எழுத்துகளால் எழுதிப் பதிவுசெய்தார். எழுத்துமுறைகள் கலக்கவில்லையாதலால் குரோம், பயர்பாக்ஸ் ஆகியவை அதை அப்படியே காட்டின. குரோமின் 58 ஆம் பதிப்பில் இதற்குத் தடை வந்தது.

உலாவியின் இத்தற்காப்பு தேவையானதே. ஆயினும் இதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. முறையாகப் பதிவுசெய்த உருசியப் பெயரோ தமிழ்ப் பெயரோ ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்டால், அதன் உரிமையாளரின் தளம் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் திரையில் தோன்றும். காக்கப்படுவது ஆங்கிலப் பெயர். மறைக்கப்படுவது பிறமொழிப் பெயர்.

ஒரு நாட்டின் பெயரே இவ்வாறு தடைபட்டதுண்டு. பல்கேரியா தன் பெயரின் சிரில்லிக் சுருக்கமான இரண்டெழுத்து உயர்நிலை ஆள்களத்தைக் கோரியபோது, அது பிரேசிலின் இரண்டெழுத்து ஆள்களத்தை ஒத்திருக்கிறது எனக் கூறி 2010 இல் மறுக்கப்பட்டது. பல்கேரியர்கள் வேறு பெயரை ஏற்கவில்லை. மறுஆய்வுக்குப் பின் 2014 இல் இசைவு கிடைத்து, 2016 இல் அது நடைமுறைக்கு வந்தது. கிரேக்கத்தின் ஆள்களம் 2018 வரை காத்திருந்தது.

பதிவகங்களின் விதிகள்

நெறிமுறை ஓர் எழுத்து ஏற்கத்தக்கதா என்பதை மட்டுமே பார்க்கிறது. எழுத்துகள் சேர்ந்து பொருளுள்ள சொல்லாகின்றனவா என்பது அதன் கவலை அன்று. சிட்டை உயிர்க்குறி போன்ற சார்புக்குறியுடன் தொடங்கக் கூடாது என அது கூறுகிறது. ஆனால் ஒரு மெய்யின்மேல் இரண்டு உயிர்க்குறிகள் அடுக்கப்படுவதைத் தடுப்பதில்லை. அப்பொறுப்பு பதிவகத்தினுடையது.

2003 சூனில் ஐகான் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் முதற்பதிப்பும் அதன் பிந்தைய பதிப்புகளும் பதிவகங்களுக்குச் சில கடமைகளை விதிக்கின்றன. ஏற்கப்படும் எழுத்துகளின் அட்டவணையை ஒவ்வொரு பதிவகமும் வெளியிட வேண்டும். ஒரு சிட்டையில் ஒரே எழுத்துமுறை மட்டுமே இருக்க வேண்டும். சப்பானிய மொழி போல எழுத்துமுறைகளைக் கலந்தெழுதுவதே மரபாக உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சீன மொழிக்கு இவை போதவில்லை. ஒரே சொல்லை எளிமையாக்கப்பட்ட எழுத்திலும் மரபு எழுத்திலும் எழுதலாம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே, ஒருங்குறிக்கு வெவ்வேறு. இரண்டையும் இருவர் வாங்கினால் குழப்பம் உறுதி. சீனம், சப்பான், கொரியா, தாய்வான் ஆகியவற்றின் வல்லுநர்கள் வகுத்து, 2004 இல் ஆர்எஃப்சி 3743 ஆக வெளிவந்த நெறிகள் மாற்றுரு என்னும் கருத்தை முன்வைத்தன. ஒரு பெயரைப் பதிவுசெய்தால் அதன் மாற்றுருக்கள் அனைத்தும் அதே உரிமையாளருக்கு உரியவையாகும் அல்லது எவருக்கும் கிடைக்காதவாறு பூட்டப்படும். சீனாவின் நாட்டுப் பெயர் 2010 இல் இரு வடிவங்களிலும் உயர்நிலை ஆள்களமாகியது.

தமிழ் எழுத்துகளும் விதிகளும்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. கூட்டெழுத்துகளும் மிகக் குறைவு. ஆகவே பிற இந்திய எழுத்துமுறைகளுடன் ஒப்பிடுகையில் தமிழுக்கு விதி வகுப்பது எளிது. ஆயினும் சில இடங்கள் சிக்கலானவை.

முதலாவது ஔகாரம். "ஔ" என்பதை ஒருங்குறியில் ஒற்றைக் குறியிடமாக எழுதலாம். ஒ என்பதுடன் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். இவ்விரண்டையும் சீர்செய்தல் ஒன்றாக்கிவிடும். ஆனால் பலர் தட்டச்சு செய்வது ஒ என்பதுடன் ள என்னும் எழுத்தை. "ஒள" எனத் திரையில் தோன்றும் இதை எந்தச் சீர்செய்தலும் "ஔ" ஆக்குவதில்லை. அச்சொல் உண்மையிலேயே ஒகரமும் ளகரமும் கொண்டதாகவும் இருக்கலாம் அல்லவா! கௌ, கெள ஆகியவற்றின் நிலையும் இதுவே. "கௌதமன்" என்ற பெயரில் தளம் நடத்துபவர் மற்ற வடிவத்தையும் தமதாக்கிக்கொள்ளாவிட்டால், அதை வேறொருவர் வாங்கி அவர் பெயரில் கடைவிரிக்க முடியும்.

இரண்டாவது, ஸ்ரீ என்னும் எழுத்து. இதை ஸ் என்பதைக் கொண்டும் ஶ் என்பதைக் கொண்டும் உருவாக்க முடியும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம் பெறுகின்றன, குறியிடங்கள் வேறு. மூன்றாவது, தமிழ் எண்கள். ௧ என்பதற்கும் க என்பதற்கும், ௭ என்பதற்கும் எ என்பதற்கும் வேறுபாடு காண்பது அரிது. நெறிமுறை இவ்விலக்கங்களை ஏற்றாலும் பதிவகம் விலக்கிக்கொள்வதே அறிவுடைமை. இவற்றோடு, தமிழின் உ, வ, ஜ போன்றவை மலையாள எழுத்துகள் சிலவற்றை நெருக்கமாக ஒத்தவை.

இணையத்தின் உச்சியில் உள்ள வேர் மண்டலத்திற்கு விதிகள் மேலும் கடுமையானவை. அங்கு எழுத்துகள் மட்டுமே ஏற்கப்படும். இலக்கங்கள், சிறுகோடு, அகலமற்ற குறிகள் எவற்றுக்கும் இடமில்லை. தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கு வேர் மண்டல விதிகளை வகுக்கும் பணியைப் புதிய பிராமி உருவாக்கக் குழு மேற்கொண்டது. தமிழுக்கான விதிகள் 2019 சூலையில் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் இடம்பெற்றன.

உயர்நிலை ஆள்களங்கள்

நீண்ட காலம் பன்னாட்டு எழுத்துகள் பெயரின் இடப்பகுதியில் மட்டுமே வரமுடிந்தது. "டாட் காம்" போன்ற இறுதிப்பகுதி ஆங்கிலத்திலேயே இருந்தது. ஒரு தமிழ் முகவரியைத் தட்டச்சு செய்ய இடையில் விசைப்பலகையை ஆங்கிலத்திற்கு மாற்ற வேண்டியிருந்தது. அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளில் நிலைமை இன்னும் மோசம். பெயரின் ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் ஓடியது.

2007 அக்டோபரில் ஐகான் 11 சோதனை உயர்நிலை ஆள்களங்களை வேர் மண்டலத்தில் சேர்த்தது. அவற்றுள் தமிழும் ஒன்று, அதன் முகவரி "உதாரணம்.பரிட்சை". வழக்கிலுள்ள வடிவம் "பரீட்சை" என்பதே. ஆனால் வேர் மண்டலத்தில் ஏறியது குறிலுடன் கூடிய வடிவம். எனவே சரியான எழுத்துக்கூட்டலில் தட்டச்சு செய்தவருக்கு அத்தளம் கிட்டியிராது. ஆள்களப் பெயர் முறைமை எழுத்துப்பிழையை மன்னிப்பதுமில்லை, திருத்துவதுமில்லை. இச்சோதனை ஆள்களங்கள் 2013 இல் நீக்கப்பட்டன.

2009 அக்டோபர் 30 அன்று சியோலில் நடந்த கூட்டத்தில் ஐகான், நாடுகள் தம் மொழியிலேயே உயர்நிலை ஆள்களம் பெறும் விரைவு வழித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2010 மே 5 அன்று எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு இலங்கை ".இலங்கை" என்னும் தமிழ்ப் பெயரையும் "லங்கா" என்னும் சிங்களப் பெயரையும் பெற்றது. 2011 இல் ".சிங்கப்பூர்", ".இந்தியா" ஆகியவை சேர்ந்தன. இந்தியா அவ்வாண்டு பெற்ற ஏழு மொழிப் பெயர்களுள் இந்தி, வங்காளம், குசராத்தி, பஞ்சாபி, தெலுங்கு, உருது ஆகிய ஆறும் "பாரத்" என்பதன் வடிவங்கள். தமிழ் மட்டும் "இந்தியா" என்றது.

பயன்பாட்டில் உள்ள தடைகள்

விதிப்படி செல்லுபடியாகும் பெயரை எல்லா மென்பொருள்களும் ஏற்பதில்லை. பல வலைத்தளப் படிவங்கள் முகவரியைச் சரிபார்க்க இன்றும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே தேடுகின்றன. தமிழ் முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து மின்மடலில் ஒட்டும்போது பலவேளைகளில் பியூனிகோடு வடிவமே வந்து விழுகிறது. மின்னஞ்சலில் "அட்" குறிக்கு இடப்பக்கமும் தமிழ் இடம்பெறுவதற்கான நெறிமுறைகள் 2012 இல் ஆர்எஃப்சி 6530 முதலிய ஆவணங்களாக வெளியாயின. அதற்கு அனுப்புபவரின் வழங்கியிலிருந்து பெறுபவரின் வழங்கி வரை வழியிலுள்ள அனைத்தும் புதிய நெறிமுறையை அறிந்திருக்க வேண்டும். வழியில் ஒன்று அறியாவிட்டாலும் மடல் திரும்பிவிடும். இத்தடைகளை நீக்க 2015 இல் ஐகானின் ஆதரவுடன் உலகளாவிய ஏற்புக்கான வழிநடத்தல் குழு ஒன்று அமைக்கப்பட்டது.